இத்தாலி போன எங்கள் வீட்டுப் பெண்

முப்பத்தாறு வருஷம் தண்டவாளத்தையும் பாலத்தையும் பார்த்துவிட்டு 2018இல் ஓய்வு பெற்றவன் நான். திருச்சியில் சிவில் டிப்ளமா முடித்துவிட்டு செகந்திராபாத் வந்தவன், இங்கேயே தங்கிவிட்டேன். என்னைப் போய் இத்தாலியைப் பற்றி எழுதச் சொன்னால் என்ன எழுதுவது? நம் பத்திரிகைக் குழு அன்பர்கள் விடுவதாக இல்லை. "நீங்கள் போகாவிட்டால் என்ன சார், உங்கள் வீட்டுப் பெண் போய் வந்தாளே, அதை எழுதுங்கள்" என்றார்கள். ஆகவே இதில் வரும் இத்தாலி நான் கண்ணால் பார்த்தது அல்ல. போனில் கேட்டது, அவள் நோட்டுப் புத்தகத்தில் படித்தது, ஐம்பது வருஷமாக அங்கங்கே வாசித்தது.

போனவள் என் அக்காவின் பேத்தி. அக்கா குடும்பமும் ரயில்வேக் குடும்பம்தான். அத்தான் லாலாகுடா ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். பெண் இங்கேயே பிறந்து வளர்ந்து கட்டடக் கலை படிக்கிறாள். மூன்றாம் ஆண்டு முடிகிற சமயம், 2024 மே கடைசியில், பதினான்கு மாணவ மாணவியரை ஒரு பேராசிரியர் இருபத்தாறு நாள் இத்தாலிக்குக் கூட்டிப் போவதாக ஏற்பாடு. ரோம், ஃப்ளாரன்ஸ், அங்கிருந்து பைசா, சியெனா, பிறகு மாண்டுவா, கடைசியில் வெனிஸ். ஒவ்வொரு ஊரிலும் கட்டடங்களை அளந்து, வரைந்து, குறிப்பெழுதி, திரும்பி வந்து சமர்ப்பிக்க வேண்டும். விமானம், தங்குமிடம், விசா எல்லாம் சேர்த்து ஆளுக்கு இரண்டே முக்கால் லட்சம்.

அக்கா முடியாது என்றுவிட்டாள். "வயசுப் பொண்ணு, பாஷை தெரியாத ஊரு. அந்தப் பணத்துல நாலு பவுன் வாங்கி வைக்கலாம்" என்றாள். அவள் மகனும் மருமகளும் இரண்டு பக்கமும் பேச முடியாமல் என்னிடம் அனுப்பினார்கள். நான்தான் அந்த வீட்டுக்கு அப்பீல் கோர்ட்டு.

ஆனால் தீர்ப்புச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2007இல் என் மகளும் இதே படிப்பு, இதே மூன்றாம் ஆண்டு. அவளுடைய வகுப்பிலும் இத்தாலிக்கு மூன்று வாரம் கூட்டிப் போனார்கள். அப்போது ஒன்றேகால் லட்சம். என் சம்பளம் மாதம் இருபதாயிரத்துக்குப் பக்கம். "ஊர் சுற்றிப் பார்க்க ஒன்றேகால் லட்சமா? எல்லாம் புத்தகத்தில் படமாக இருக்கிறதே" என்றேன். அவள் வாதாடவில்லை. "சரிப்பா" என்று விண்ணப்பத்தை மேஜை டிராயரில் வைத்து மூடிவிட்டாள். ஓய்வு பெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது அந்த டிராயரின் அடியில் அதே காகிதம் கிடைத்தது. பெயர், பிறந்த தேதி எல்லாம் நிரப்பி, பெற்றோர் கையெழுத்து போடும் இடம் மட்டும் காலி.

அக்காவிடம் சரோஜினி நாயுடுவைப் பற்றிச் சொன்னேன். நாம்பள்ளி ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் 'கோல்டன் த்ரெஷோல்ட்' என்று ஒரு பழைய வீடு இருக்கிறதே, நம்மில் எத்தனை பேர் அதைக் கடந்து போயிருப்போம்! 1974இல் தொடங்கிய ஹைதராபாத் பல்கலைக்கழகம் முதலில் இயங்கியது அந்த வீட்டில்தான். அந்த வீட்டுப் பெண் 1879இல் இந்த ஊரில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் சென்னைப் பல்கலைக்கழக மெட்ரிகுலேஷன் தேறி மாகாணத்தில் முதலாவதாக வந்தவர். 1895இல், பதினாறு வயதில், நிஜாம் கொடுத்த உதவித்தொகையில் இங்கிலாந்து போனார். லண்டன் கிங்ஸ் கல்லூரியிலும் கேம்பிரிட்ஜ் கர்ட்டன் கல்லூரியிலும் படித்தார். உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. அந்த மாணவப் பருவத்திலேயே இத்தாலிக்கும் ஒரு பயணம் போய் வந்தார்.

அங்கிருந்து எழுதிய கடிதங்களில் சில பகுதிகளை ஆர்தர் சைமன்ஸ் என்ற ஆங்கிலக் கவிஞர், 1905இல் வெளிவந்த சரோஜினியின் முதல் கவிதைத் தொகுப்பின் முன்னுரையில் சேர்த்திருக்கிறார். (வீட்டுக்கு வைத்த பெயரும் அந்தத் தொகுப்பின் பெயர்தான்.) மே மாதத்து இரவு, மின்மினிப் பூச்சிகள், ஃப்ளாரன்ஸுக்கு மேலே ஃபியசோலே என்ற குன்று, அங்கே வாழ்ந்த பழைய எட்ருஸ்கன் மக்களின் தெய்வங்கள் இன்னும் உலவுமோ என்ற நினைப்பு, இவையெல்லாம் அந்தக் கடிதங்களில் உண்டு. படிப்பை முடிக்காமலே 1898இல் ஊர் திரும்பி, அந்த வருஷமே டாக்டர் கோவிந்தராஜுலு நாயுடுவை மணந்துகொண்டார். பட்டம் வாங்காமல் வந்தவர்தான். ஆனால் போன இடத்தில் எட்மண்ட் காஸ் என்ற விமர்சகர், இங்கிலீஷ் பறவைகளைப் பாடாதே, உன் தக்காணத்தைப் பாடு என்று புத்தி சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டு வந்தார். பிற்பாடு நடந்ததெல்லாம் எல்லாரும் அறிந்ததே.

அக்கா பொறுமையாகக் கேட்டாள். "நிஜாம் பணம் குடுத்தார், அந்தம்மா போனாங்க. நமக்கு எந்த நிஜாம்டா குடுக்கப்போறார், தம்பி?" என்றாள்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் பூனாவிலிருந்து வந்தது. என் மகள் இப்போது அங்கே ஒரு கட்டட வடிவமைப்பு நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். யார் சொன்னார்களோ, இரவு போன் செய்தாள். "அப்பா, இந்தத் தடவை நீங்க வேண்டாம்னு சொல்லிடாதீங்க" என்றாள். அவ்வளவுதான். மறுநாள் அக்கா மகன் கணக்கில் பணம் வந்து விழுந்தது. சரியாக ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரம். ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மீதியைப் பெண்ணின் அப்பா போட்டார். அக்கா மூன்று நாள் பேசாமல் இருந்துவிட்டு நான்காம் நாள் புளிக்காய்ச்சல் கிளற ஆரம்பித்தாள்.

பிள்ளைகளை அனுப்ப நினைக்கிற பெற்றோருக்கு இரண்டு வார்த்தை. அந்தப் பக்கத்துக்கு ஷெங்கன் விசா வேண்டும். குறைந்தது முப்பதாயிரம் யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு எடுத்திருந்தால்தான் விண்ணப்பத்தையே ஏற்பார்கள். கோடையில் கூட்டம் அதிகம், ஆகவே விசாவுக்கு நேரம் குறிப்பதை மாதக்கணக்கில் முன்னாலேயே செய்துவிட வேண்டும். உள்ளூர் ரயில்களில் காகித டிக்கெட் வாங்கினால் ஏறுவதற்கு முன் பிளாட்பாரத்து இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். எங்கள் பெண்ணும் இரண்டு தோழிகளும் கையில் டிக்கெட்டை வைத்துக்கொண்டே அபராதம் கட்டினார்கள். ரயில்வே குடும்பத்துப் பெண்! நான் சிரித்த சிரிப்பில் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

ரோமிலிருந்து முதல் நாள் வந்த செய்தி தண்ணீரைப் பற்றியது. தெருவுக்குத் தெரு இரும்புக் குழாய், நாள் முழுக்கக் குளிர்ந்த தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கிறது, பாட்டில் வாங்கவே வேண்டாம் என்றாள். குழாயின் வளைந்த மூக்கை வைத்து 'பெரிய மூக்கு' என்று அதற்குச் செல்லப்பெயராம். சுற்றுலாக்காரர்கள் காசு போடுகிற த்ரெவி நீரூற்றுக்கு வரும் கால்வாயோ, கிறிஸ்து பிறப்பதற்கு 19 வருஷம் முன்னால் அக்ரிப்பா என்பவர் கட்டியது. நடுவில் கெட்டுப்போனதும் செப்பனிட்டதும் உண்டு. இருந்தாலும் அதே வழிதான். பான்தியன் கோவிலின் விதானம் 43 மீட்டர் அகலம். கம்பி கட்டாத கான்கிரீட், ஏறக்குறைய 1,900 வருஷமாக நிற்கிறது. உச்சியில் திறந்த வட்டம். மழை பெய்தால் உள்ளே விழும். "தரையைப் பார்த்தியா?" என்று கேட்டேன். "லேசா முதுகு வளைஞ்சிருக்கு தாத்தா, சின்னச் சின்ன ஓட்டை வழியா தண்ணி இறங்குது" என்றாள். எல்லாரும் அண்ணாந்து பார்க்கிற இடத்தில் வடிகாலைப் பார்த்தாளே, எனக்கு அது போதும்.

ஃப்ளாரன்ஸ் வந்ததும் என் தூக்கம் போயிற்று. அந்த ஊர்ப் பெரிய கோவிலின் கும்மட்டம் புருனெல்லெஸ்கி என்பவர் 1420இல் தொடங்கி 1436இல் முடித்தது. அகலம் சுமார் 45 மீட்டர். வளைவு கட்டுவதென்றால் அடியில் சென்டரிங் வேண்டும். சென்டரிங் இல்லாமல் ஒரு கல்வெர்ட்டுகூட நாங்கள் கட்டியதில்லை. அத்தனை அகலத்துக்கு, அத்தனை உயரத்தில், தரையிலிருந்து சாரமும் அச்சும் எழுப்ப எங்கே மரத்துக்குப் போவது? அந்த மனிதர் அதில்லாமலே கட்டினார். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஓடு. செங்கல்லைப் படுக்கையாக மட்டும் வைக்காமல், இடையிடையே நெட்டாக நிறுத்தி, மேலே போகப் போக ஒவ்வொரு வரிசையும் கீழ் வரிசையைப் பிடித்துக்கொள்ளும்படி செய்தார். நாற்பது லட்சத்துக்கு மேல் செங்கல். அந்த இரண்டு ஓட்டுக்கும் நடுவேதான் மேலே ஏறும் வழி, 463 படி.

அந்தப் படியில் நின்றுகொண்டு பெண் வீடியோவில் கூப்பிட்டாள். இங்கே மதியச் சாப்பாட்டு நேரம். "தாத்தா, செங்கல் மீன்முள் மாதிரி சுத்திக்கிட்டே போகுது, பாருங்க" என்றாள். அந்த ஊர்க்காரர்களும் அதை மீன்முள் என்றுதான் சொல்கிறார்களாம். சாந்து எத்தனை கனம் என்று கேட்டேன். பின்னால் ஆட்கள் நெருக்குகிறார்கள், நிற்க விடமாட்டேன் என்கிறார்கள் என்று போனை வைத்துவிட்டாள். ராத்திரி வந்த செய்தியில், ஓரிடத்தில் விரலை வைத்து எடுத்த படம். அளவுகோல் கொண்டுபோக மறந்துவிட்டாளாம். தன் சுண்டுவிரல் அகலத்தை எழுதி அனுப்பியிருந்தாள்.

அன்று எனக்கு ஒரு பழைய விஷயம் உறுத்தியது. 2003க்கு முன் ஹூப்ளி டிவிஷன் எங்கள் தென் மத்திய ரயில்வேயில்தான் இருந்தது. பீஜப்பூரில் ஆறு மாதம் வேலை பார்த்தேன். முகமது அடில்ஷாவின் கோல் கும்பஸ் அங்கேதான் இருக்கிறது. 1656இல் முடிந்த கட்டடம், வெளி விட்டம் சுமார் 44 மீட்டர், ஃப்ளாரன்ஸுக்கு அநேகமாகச் சமம். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். எல்லாரையும் போல மேலே ஏறி, கை தட்டி, எதிரொலி எத்தனை தரம் வருகிறது என்று எண்ணிவிட்டு இறங்கி வந்தேன். எப்படிக் கட்டினான் என்று நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று யாரும் என்னிடம் சொல்லவும் இல்லை. புத்தகத்தில் படம் இருக்கிறதே என்று மகளிடம் சொன்னவன் நான்தான்.

பைசா கோபுரத்தைப் பற்றி அக்காவுக்கு ஏகக் கேலி. "பைசா பைசாவா செலவு பண்ணி, சாஞ்சு நிக்கிறதைப் பாக்கப் போறாளாக்கும்!" சாய்ந்து நிற்பதைவிட, அதை விழாமல் காப்பாற்றிய கதைதான் எனக்குப் பெரிசு. 1990 ஜனவரியில் கோபுரத்தை மூடிவிட்டார்கள். முதலில் வடக்குப் பக்கம் ஈயக் கட்டிகளை அடுக்கிப் பாரம் ஏற்றினார்கள். பிறகு அந்தப் பக்கத்து அஸ்திவாரத்தின் அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மண்ணைத் துளைத்து எடுத்தார்கள். கோபுரம் தானே வடக்கே இறங்கிச் சுமார் 45 சென்டிமீட்டர் நிமிர்ந்தது. 2001 டிசம்பரில் திறந்தார்கள். நாங்கள் பாலத்தில் விரிசல் கண்டால் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சாந்தில் பதித்து, தேதி எழுதி வைப்போம். 'டெல்-டேல்' என்று பெயர். கண்ணாடி உடைந்தால் பாலம் அசைகிறது என்று அர்த்தம். வாரா வாரம் போய்ப் பார்க்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும். பதினொரு வருஷம் ஒரு கோபுரத்துக்கு அப்படிக் காவல் இருந்தவர்கள் எப்படித் தூங்கினார்களோ!

ஃபியசோலே பாடத்திட்டத்தில் இல்லை. நான் கேட்டுக்கொண்டதற்காக ஒரு சாயங்காலம் பஸ் ஏறிப் போய்விட்டு வந்தாள். மின்மினி இருந்ததா என்று கேட்டேன். "ஆலிவ் தோப்புல எண்ணினேன் தாத்தா. பதினொண்ணு" என்றாள்.

சியெனாவுக்குப் போகிற வழியில்தான் அவள் முதன்முதலாக அந்த நாட்டு வயல்களைப் பார்த்தது. மேடும் பள்ளமுமாகக் கோதுமை, பழுக்கிற நேரம். மேட்டுக்கு மேட்டு ஒற்றை வீடு, அதற்கு ஒரு சைப்ரஸ் மரவரிசை. நோட்டுப் புத்தகத்தில் இதற்கு ஆறு பக்கம். ரோமுக்கே நான்கு பக்கம்தான். வடக்கே மாண்டுவா போனதும் நிலம் தட்டையாகிவிட்டது. போ என்ற நதியின் சமவெளி. பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்திய நெல் வயல். "தாத்தா, இங்க நெல்லு!" என்று அலறினாள். இத்தாலிக்காரன் ரொட்டிதான் தின்பான் என்று நினைத்திருந்த அக்காவுக்கு, அன்றிலிருந்து அந்த நாட்டின் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

மாண்டுவாவில் ஒரு நாள் அவரவர் விருப்பம்போல் என்று பேராசிரியர் விட்டார். மற்றவர்கள் கடைவீதிக்குப் போக, இவள் ஒரு தோழியுடன் பஸ் பிடித்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம். ஊர் பெயர் காஸ்டிலியோனே டெல்லே ஸ்டிவியேரே. அங்கே செஞ்சிலுவைச் சங்கத்துக்கு ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. 1859இல் பக்கத்தில் நடந்த சோல்ஃபெரினோ யுத்தத்தில் காயம்பட்டவர்களை இந்த ஊர்ப் பெண்கள் கோவிலில் கிடத்திப் பார்த்துக்கொண்டதை ஹென்றி டூனான்ட் நேரில் கண்டதுதான் அந்தச் சங்கத்துக்கு வித்து. ஆனால் எங்கள் பெண் போனது அதற்கு அல்ல. 1680 நவம்பரில் கான்ஸ்டன்டைன் பெஸ்கி பிறந்த ஊர் அது. நம்முடைய வீரமாமுனிவர்.

எங்கள் பூர்வீகம் அரியலூர்ப் பக்கம், திருமானூர். அங்கிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லலாம், கொள்ளிடத்துக்கு வடகரையில் ஏலாக்குறிச்சி. முனிவர் அங்கே அடைக்கல மாதா கோவிலைக் கட்டி, ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயர் வைத்து வாழ்ந்தார். நான் சின்னப் பையனாக இருந்தபோது திருவிழாவுக்கு எங்கள் தெருவே வண்டி கட்டிக்கொண்டு போகும். இந்து, கிறிஸ்தவர் என்று யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. தேம்பாவணியும் சதுரகராதியும் பரமார்த்த குரு கதையும் எழுதியவர் நம் பக்கத்து ஊர்க்காரர் என்று பேத்திக்கு எப்போதோ சொல்லியிருக்கிறேன். ஞாபகம் வைத்திருப்பாள் என்று நினைக்கவில்லை.

அவள் ஊர் திரும்பிப் பதினெட்டு நாள் கழித்து எனக்கு ஒரு படத் தபால் அட்டை வந்தது. காஸ்டிலியோனே முத்திரை. பின்பக்கம் தமிழில் நான்கு வரி. அவள் பள்ளியில் படித்தது இங்கிலீஷும் தெலுங்கும். தமிழ் எழுத்து நம் சங்கத்து ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கற்றதுதான், அதுவும் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. எழுத்து எல்லாம் செங்கல் அடுக்கினமாதிரி. 'எலாக்குறிச்சி தாத்தா ஊருக்கு வந்துட்டேன்' என்று ஆரம்பித்திருந்தாள். 'ஏ'க்குக் கீழே இழுக்க வேண்டிய கோடு இல்லை.

அட்டையை நம் தமிழ் வகுப்பு ஆசிரியையிடம் காட்டி, பார்த்தீர்களா இந்தப் பிழையை என்றேன். அவர் சிரித்துவிட்டார். "சார், இது பிழையில்லை. வீரமாமுனிவருக்கு முந்தைய எழுத்து" என்றார். பிறகு விளக்கினார். அந்தக் காலத்தில் குறில் எகரத்துக்கும் ஒகரத்துக்கும் மேலே புள்ளி வைப்பார்கள். நெடிலுக்குப் புள்ளி கிடையாது. ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று பலர் அதையும் விட்டுவிட, குறிலா நெடிலா என்று படிப்பவர்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும். ஏகாரத்துக்குக் கீழே கோடும் ஓகாரத்துக்குச் சுழியும், உயிர்மெய்யில் மேலே சுழித்த கொம்பும் போட்டுக் குழப்பத்தைத் தீர்த்தவர் முனிவர் என்பார்கள். அவர் பிறந்த ஊரிலிருந்து, அவர் வாழ்ந்த ஊரின் பெயரை, அவர் போட்ட கோட்டை மட்டும் விட்டுவிட்டு எழுதியிருக்கிறாள்!

பெண்ணிடம் சொன்னேன். முதலில் வெட்கப்பட்டாள். மறுநாள் பழைய தமிழ் வாசகத்தைத் தேடி எடுத்துக்கொண்டாள்.

வெனிஸைப் பற்றி எல்லாரும் எழுதியாயிற்று, நான் எழுதவில்லை. ஒன்று மட்டும்: அந்த ஊருக்குக் கரையிலிருந்து போகும் ரயில் பாலம் 1846இல் திறந்தது, 222 வளைவு, மூன்றரைக் கிலோமீட்டருக்கு மேல். நம் பழைய பாம்பன் பாலம் 1914, இரண்டு கிலோமீட்டர். கடல் காற்றில் பாம்பன் இரும்பு துருப்பிடித்ததைப் பார்த்தவன் நான். அவர்கள் செங்கல்லும் கல்லுமாகக் கட்டியதால் பிழைத்தார்கள்.

அட்டை வந்த அன்று இரவு மகளுக்குப் போன் செய்து நான்கு வரியையும் படித்துக் காட்டினேன். "நோட்டுப் புத்தகம் உங்ககிட்ட இருக்காப்பா?" என்றாள். இருந்தது. கும்மட்டத்தைப் பற்றிய பக்கத்தை முதலில் படிக்கச் சொன்னாள். படித்தேன். பிறகு ரோம், பிறகு சியெனா. நடுநடுவே, அந்தக் கோட்டோவியத்தில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, அளவு குறித்திருக்கிறாளா என்று கேட்டாள். பதினேழு வருஷமாக அவள் என்னிடம் கேட்காத கேள்விகள். போனில் சார்ஜ் தீர்ந்து இணைப்பு அறுந்துபோனது. சொருகிவிட்டு மறுபடி கூப்பிட்டேன். விட்ட வரியிலிருந்து படிக்கச் சொன்னாள்.

அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு, தமிழ் வகுப்பு முடிந்ததும் பதினொரு மணிக்கு, பெண் தன் வரைபடங்களையும் படங்களையும் நம் சங்கக் கூடத்தில் காட்டுகிறாள். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வாருங்கள். விசா, செலவு பற்றிய சந்தேகங்களையும் அவளிடமே கேட்கலாம். என் மகளும் பூனாவிலிருந்து வருகிறாள். அக்கா புளியோதரை கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறாள்.